ஆட்ட மேசையில் பிறந்த பூதங்கள்

பேய் உண்டா, இல்லையா என்பது பழைய வழக்கு. அவ்வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பேயைப் படைத்தவர் யார், படைத்த பேய் யாருக்கு உரியது என்பனவே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்பும் வினாக்கள்.

மணவாள நகரில் எங்கள் தெருச் சிறுவர்கள் கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களை அவ்வப்போது எட்டிப் பார்ப்பதுண்டு. வாளேந்திய வீரர் ஒருவர். அவரை எதிர்க்க வரும் வடிவங்களோ பற்பல. ஒன்றுக்கு உடலெல்லாம் கண். ஒன்றுக்கு ஆந்தைத் தலையும் கரடி உடலும். "இதை யார் செய்தார்?" என்று கேட்டால், "கம்பெனிக்காரர் செய்தார், ஐயா" என்று விடை வருகிறது. இவ்விடை முழுதும் சரியன்று. அவ்வடிவங்களிற் பல, ஆட்டத்தின்மேல் ஆசைகொண்ட எளிய வாசகர்களும் மாணவர்களும் படைத்தவை. அவ்வரலாறு நம் பிள்ளைகள் அறியத் தக்கது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு வகுத்த நெறி. ஆகவே, நம் பரமபதத்திலிருந்து தொடங்குகிறேன். பரமபதப் படத்தில் ஏணி எங்கே, பாம்பின் வாய் எங்கே என்பன முன்னரே வரையப்பட்டவை. பகடை விழுந்தபடி காய் நகரும். பாம்பின் வாயில் விழுந்தவன் அதனோடு போராடவும் முடியாது, பேசி இணங்கவும் முடியாது. கட்டமே அங்கு விதி.

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து கட்டங்களே இல்லாத ஓர் ஆட்டம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள். அவ்வளவுதான் ஆட்டம்.

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு வேடத்தை மேற்கொள்வர். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர் என்று பாத்திரங்கள் அமையும். எஞ்சிய ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதையை நடத்திச் செல்வதைப் போன்றது அவர் வேலை. "நீங்கள் ஒரு நிலவறையில் இறங்குகிறீர்கள். எதிரே இரும்புக் கதவு. என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். ஆடுவோர் தம் விருப்பப்படி விடை கூறுவர். வெற்றியும் தோல்வியும் ஐயத்துக்கு இடமாகும் இடத்தில் பகடை உருளும். இருபது முகமுடைய பகடையும் அவற்றில் உண்டு. கூத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்பது பார்ப்போர் அனைவர்க்கும் தெரியும். இங்கோ, முடிவு நடத்துபவர்க்கும் தெரியாது.

அம்மூன்று நூல்களுள் இரண்டாவது, பூதங்களையும் புதையல்களையும் பற்றியது. அதில் ஒவ்வொரு பூதத்துக்கும் கணக்கு உண்டு. எத்தனை பேராக வரும், அதன் தோல் எவ்வளவு உறுதி, எவ்வளவு விரைவாகச் செல்லும், எத்தனை அடி தாங்கும், அதன் குகையில் எவ்வகைப் புதையல் இருக்கும் என்று அட்டவணை போட்டிருந்தனர். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதைப் போலப் பூதத்தையும் எண்ணால் அளந்தனர் என்று சொல்லலாம்.

இங்குதான் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. நூல் எல்லோருக்கும் பொது. ஆடுவோரும் அதனை வாங்கிப் படித்துவிட்டனர். இன்ன பூதம் தீயால் மாளும், இன்ன பூதம் வெள்ளி ஆயுதத்தால் மாளும் என்று மனப்பாடம் செய்துவிட்டனர். விடை தெரிந்த வினாத்தாளைப் பார்த்து எந்த மாணவன் அஞ்சுவான்? ஆகவே, ஆட்டத்தை நடத்துவோர் நூலில் இல்லாத புதிய பூதங்களைத் தாமே படைக்க வேண்டியதாயிற்று. அச்சத்தை மீட்கும் பொருட்டே வாசகர் படைப்பாளர் ஆயினர்.

அவர்கள் மூலப்பொருளைத் தேடிய இடங்களும் வியப்புக்குரியவை. ஹாங்காங்கில் செய்யப்பட்டு மலிவு விலைக் கடைகளில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைகள் சில இருந்தன. எந்த விலங்கின் உருவம் என்று சொல்ல முடியாத பொம்மைகள் அவை. கைகாக்ஸ் அவற்றை வாங்கி மேசைமேல் வைத்துப் பெயரும் குணமும் கொடுத்தார். அவ்வாறு பிறந்தவையே ஆந்தைக் கரடியும், துருப்பூதமும். இரண்டும் 1975-இல் வெளிவந்த இணைப்பு நூலில் இடம்பெற்றன. துருப்பூதம் யாரையும் கடித்துக் கொல்வதில்லை. அது தொட்ட இரும்பெல்லாம் துருவாகும். அத்துருவே அதன் உணவு. உயிருக்கு அஞ்சாத வீரனும், அரும்பாடுபட்டுச் சேர்த்த கவசம் பொடியாவதைக் கண்டால் ஓட்டம் பிடிப்பான். மனிதனுடைய அச்சத்தை நன்கு அறிந்தவர் செய்த பூதம் அது.

நடுவில் ஒரு பெருங்கண்ணும், தலைமேல் காம்புகளில் பத்துச் சிறு கண்களும் உடைய உருண்டைப் பூதம் ஒன்று உண்டு. 'பிஹோல்டர்' என்பர். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி மாயம். இதனைக் கருதியவர் டெரி குன்ட்ஸ் என்னும் ஆட்டக்காரர். இன்று அவ்வாட்டத்தின் முத்திரையைப் போல விளங்குவது, மேசையில் ஆட வந்த ஒருவருடைய கற்பனையே.

1975 ஜூன் திங்களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லீ கோல்டு என்னும் அம்மையார் ஒரு சுற்றிதழைத் தொடங்கினார். எழுதுவோர் தம் பக்கங்களைத் தாமே ஆயத்தம் செய்து அனுப்புவர். அவற்றைத் தொகுத்து எல்லோர்க்கும் அனுப்புவர். நம் பள்ளிகளில் மாணவர் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையின் உறவு என்று கொள்ளலாம். புதிய விதிகளும் புதிய பூதங்களும் அவ்வழியே ஊர்விட்டு ஊர் சென்றன. 1977-இல், பலரும் அனுப்பிய பூதங்களைத் தொகுத்து ஜெஃப் பிம்பர், ஸ்டீவ் பெரின் என்பார் ஒரு நூலாக்கினர். ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் தன் பெரும் பூதநூலை அதே ஆண்டின் இறுதியில்தான் வெளியிட்டது. ஆசைக்காரர் முந்திக்கொண்டனர், உரியவர் பிந்தி வந்தனர்.

கடல் கடந்த இங்கிலாந்திலும் இவ்வார்வம் பரவியது. லண்டனிலிருந்து 1977-இல் வெளிவரத் தொடங்கிய 'ஒயிட் டுவார்ஃப்' என்னும் இதழில், வாசகர் அனுப்பும் பூதங்களுக்கென ஒரு பகுதி அமைந்தது. டான் டர்ன்புல் என்பவர் அதன் பொறுப்பாளர். வாசகர் படைத்த ஒன்றிரண்டைக் கேளுங்கள். கோப்ளின் என்பது மேலைநாட்டுக் கதைகளில் வரும் குட்டிப்பூதம். அப்பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதி 'நில்பாக்' என்று ஒரு பூதத்தைப் படைத்தனர். பெயர் தலைகீழ் ஆனதுபோல் விதியும் தலைகீழ் ஆயிற்று. அடித்தால் அதற்கு வலிமை பெருகும், மருந்திட்டால்தான் மெலியும். இன்னொன்று 'ஃபிளம்ஃப்'. காற்றில் மிதக்கும் சொறிமீன் போன்றது, நல்லொழுக்கம் உடையது, குப்புறக் கவிழ்ந்தால் எழ மாட்டாது. பலரும் இதனை எள்ளி நகையாடினர். ஆயினும், எள்ளப்பட்ட அவ்வெளிய உயிர் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பூதநூலில் மீண்டும் இடம்பெற்றது.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது 'கித்யாங்கி'. 1979-இல் அவ்விதழில் அது வெளிவந்தபோது, அதனைப் படைத்த சார்லஸ் ஸ்டிராஸுக்கு வயது 14. பள்ளி மாணவர். பெயரை ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் பெயரளவில் நின்றுவிடாமல், அதற்கு ஒரு வரலாறு கற்பித்தார். மனத்தைத் தின்னும் கொடிய இனம் ஒன்றிடம் அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள், கித் என்னும் தலைவியின்கீழ்க் கிளர்ந்து விடுதலை பெற்றனர். பெற்றபின் தம்முள் பிளவுபட்டு இரு பகையினங்கள் ஆயினர். விடுதலை பெற்றவர் தாமும் கொடியவர் ஆகலாம் என்னும் கசப்பான உண்மை, பதினான்கு வயதுச் சிறுவன் செய்த பூதத்துக்குள் பொதிந்திருக்கிறது. 1981-இல் இவ்வாசகர் பூதங்களிற் சிறந்தவற்றைத் திரட்டி 'ஃபீண்ட் ஃபோலியோ' என்னும் நூல் வெளிவந்தது. அதன் அட்டையில் நின்றது கித்யாங்கியே. 2023-இல் உலகெங்கும் பலர் ஆடிய 'பால்டர்ஸ் கேட் 3' என்னும் கணினி ஆட்டத்திலும் அவ்வினத்துப் பெண்ணொருத்தி முதன்மைப் பாத்திரமாக வருகிறாள். ஸ்டிராஸ் பின்னாளில் அறிவியற் புனைகதை எழுத்தாளராகப் புகழ்பெற்றார்.

இனி, நம் நாட்டுப் பக்கம் திரும்புவோம். 1975 டிசம்பரில் அந்நிறுவனத்தின் சிற்றிதழில் 'ராட்சசன்' என்னும் பூதம் அறிமுகமாயிற்று. ஆம், நம் அரக்கனே. ஆனால் அவன் அங்குச் சென்ற வழி நேர்வழி அன்று. 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்' என்னும் தொடரில் ராட்சசன் ஒருவன் வந்தான். கண்டவர்க்கு அவரவர் நம்பும் நண்பரின் உருவில் தோன்றி ஏமாற்றினான். மந்திரித்த அம்பினால் மாண்டான். ஆட்டத்து அரக்கனும் அச்சாயலையே பெற்றான். 1977-ஆம் ஆண்டுப் பூதநூலில் அவனுக்குப் புலித்தலை வரைந்து, துரைமார் அணியும் மேலங்கியையும் புகைக்குழாயையும் கொடுத்தார் ஓவியர் ஒருவர். அன்றுமுதல் மேலைநாட்டுச் சிறுவர் பலர்க்கு ராட்சசன் என்றால் புலிமுகமே நினைவுக்கு வருகிறது.

இதில் எது நம்முடையது, எது வந்தேறியது என்று பகுத்துப் பார்க்கலாம். விரும்பிய வடிவம் எடுத்து ஏமாற்றும் ஆற்றல் நம்முடையதே. பொன்மானாய் வந்த மாரீசனை அறியாதவர் யார்? அசோகவனத்தில் சீதையைக் காத்த அரக்கியருள் பன்றிமுகம், மான்முகம், புலிமுகம் உடையவரையும் வால்மீகி கூறுவார். ஆனால் புலித்தலை அரக்கர் குலம் முழுமைக்கும் உரிய அடையாளம் அன்று. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நம் காப்பியத்தில் அரக்கர் குலத்தில் பிறந்த வீடணன் அறத்தின்பால் நிற்கிறான்; கும்பகருணன் தமையன் தவற்றை எடுத்துரைத்தும் செய்ந்நன்றி கருதி அவனுக்காக உயிர் விடுகிறான். அட்டவணையில் அடங்கிய அரக்கனிடம் அந்த மனப்போராட்டம் இல்லை. கதை வேறு நாட்டுக்குச் சென்றபோது பல்லும் நகமும் போய்ச் சேர்ந்தன; நெஞ்சம் வழியிலேயே தங்கிவிட்டது.

அட்டவணை போடுவது தாழ்வு என்று நான் கூறவில்லை. பூதத்துக்கு வரம்பு வேண்டும். நம் முன்னோரும் அதனை அறிந்திருந்தனர். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடிய செயங்கொண்டார், கலிங்கத்துப் பரணியில் பேய்களுக்கென ஒரு பகுதியே ஒதுக்கினார். கை கால்களின் அளவு, வாயின் ஆழம், வயிற்றின் பசி என்று பேயின் உறுப்புகளை வரிசைப்படுத்துகிறார். நொண்டிப் பேய், குருட்டுப் பேய், செவிட்டுப் பேய், ஊமைப் பேய் என வகுத்து, சோழர் செய்த இன்ன போரால் இப்பேய்க்கு இக்குறை வந்தது என்று காரணமும் கற்பிக்கிறார். கித்யாங்கிக்கு வரலாறு கற்பித்த சிறுவன் செய்ததும், எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்னர் நம் புலவர் செய்ததும் ஒரே வகைத் தொழில்தான்.

எங்கள் திருவள்ளூர்ப் பக்கமே ஒரு சான்று உண்டு. திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் திருவாலங்காடு இருக்கிறது. அதனை அடுத்தது பழையனூர். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் அன்றாடம் வழங்கும் தொடர் அவ்வூர்க் கதையில் பிறந்தது. முற்பிறப்பில் கணவனால் கொலையுண்ட பெண் பேயாய் அலைந்தாள். மறுபிறப்பில் வணிகனாய் வந்தவனை அவள் பின்தொடர்ந்தாள். ஆயினும் அவன் கையில் வாள் இருந்தவரை நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி ஏந்திக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டார்" என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் அழுதாள். அவன் அஞ்சினான், அவர்களோ அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாக வைத்து, வாளை வாங்கிக்கொண்டு அவளோடு அனுப்பினர். அவ்விரவே அவன் மாண்டான். சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீயில் புகுந்தனர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு காணப்படுகிறது.

இக்கதையை ஆட்ட மேசைக்காரர் கண்கொண்டு பாருங்கள். நீலிக்கு ஒரு வரலாறு உண்டு: அவள் அநீதிக்கு ஆளானவள். ஓர் ஆற்றல் உண்டு: கண்ணீரால் நம்ப வைப்பாள். ஒரு வரம்பு உண்டு: வாளை அணுக மாட்டாள். இம்மூன்றும் அமைந்தமையால்தான், நூற்றாண்டுகள் கடந்தும் அவள் நம் நாவில் வாழ்கிறாள். பல்லையும் கொம்பையும் மட்டும் பெருக்கிக்கொண்டு போனால் பூதம் உயிர் பெறாது. வாசகர் பூதங்களிலும் நூற்றுக்கணக்கானவை பிறந்தன, பெரும்பாலானவை மறைந்தன. எஞ்சியவற்றுள் நாம் கண்ட துருப்பூதமும் நில்பாக்கும் கித்யாங்கியும் ஏதேனும் ஓர் அச்சத்தையோ, ஒரு விதியையோ, ஒரு வரலாற்றையோ உள்ளே கொண்டவை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினா: படைத்த பூதம் யாருக்கு உரியது? 'ஃபீண்ட் ஃபோலியோ' நூலில் பூதங்களை அளித்தவர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டன. அது நல்ல மரபு. ஆனால் உரிமை நிறுவனத்தின் கையில் நின்றது. 1997-இல் அந்நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. 2000-ஆம் ஆண்டில் அவர்கள் ஆட்ட விதிகளைப் பிறரும் எடுத்தாளலாம் என்று திறந்துவிட்டனர். அப்போது சில பூதங்களை மட்டும் தமக்கே உரியன என்று நிறுத்திக்கொண்டனர். அப்பட்டியலில் பிஹோல்டர் உண்டு. பள்ளிச் சிறுவன் படைத்த கித்யாங்கியும் உண்டு. ராட்சசனோ எல்லோர்க்கும் திறந்துவிடப்பட்டவற்றுள் ஒருவன். பல்லாயிரம் பாட்டிமார் சொல்லிச் சொல்லி வளர்த்தவனுக்கு யார் வேலி கட்ட முடியும்? நீலியும் அவ்வாறே. ஊர்ப் பொதுக் குளம் போன்றவர்கள் இவர்கள். யாரும் நீர் மொள்ளலாம். மொள்வார் இல்லையேல் குளம் தூர்ந்துபோகும் என்பதையும் மறக்கலாகாது.

இத்தகைய கற்பனை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் பெற்றோர் சிலர் இவ்வாட்டத்தைக் கடுமையாகப் பழித்தனர். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில், சாத்தான்களைக் குறிக்கும் பழைய பெயர்களையே மாற்றி எழுதினர். அவ்வச்சம் எனக்கு இல்லை. பூதத்துக்கு விதி வகுக்கும் சிறுவன், அச்சத்துக்கு அளவு வகுக்கிறான். அளவு கண்ட அச்சம் பாதி அச்சமே. அதுமட்டுமன்று, அவன் கணக்குப் போடுகிறான், காரணம் தேடுகிறான், சொல்லைத் தேர்கிறான். கட்டுரைப் பாடத்தில் நாம் அவனிடம் வேண்டுவதும் இவைதாமே?

ஆகவே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பிறர் செய்த பூதங்களோடு போரிடுவதைத் தடுக்க வேண்டா. ஆனால் தமக்கென ஒன்றைச் செய்து பார்க்கவும் தூண்டுங்கள். கோயில் தூணில் யானைத் துதிக்கையும் சிங்க உடலுமாய் நிற்கும் யாளி எதை உண்ணும், எதற்கு அஞ்சும்? வற்றிய ஏரியில் குடியிருக்கும் பூதத்துக்கு யார்மேல் கோபம்? தொழிற்சாலைப் புகையில் பிறக்கும் பேய்க்கு வரம்பு எது? இவ்வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லுங்கள். வரலாறு ஒன்று, ஆற்றல் ஒன்று, வரம்பு ஒன்று என மூன்றும் அமைய வேண்டும் என்பது மட்டுமே விதியாக இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், அத்தாளின் அடியில் படைத்தவர் பெயரையும் ஆண்டையும் குறிக்கச் செய்யுங்கள். நீலியை முதன்முதல் சொன்னவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இனிப் பிறக்கும் பூதங்களுக்கேனும் அக்குறை வாராதிருக்கட்டும்.